கேள்வியை மூடிவிட்டார்களா? முதலில் காரணத்தைப் படியுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் மண்டபத்தின் பின்னறையில் சனிக்கிழமை காலைகளில் கணினி வகுப்பு நடக்கும். நான்கு பழைய கணினிகள், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், சத்தம் போடும் ஒரு மின்விசிறி. சென்ற மாதம் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அக்காள் மகன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"மாமா, கேள்வி கேட்டு இருபது நிமிடம்கூட ஆகவில்லை, மூடிவிட்டார்கள். நான் என்ன கெட்ட வார்த்தையா எழுதினேன்?"

கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. கோயில் பொருளாளர் திருவிழா அழைப்பிதழை ஒரு பென்டிரைவில் கொடுத்திருந்தார். பல ஆண்டுகளாக அதே கோப்புதான். தேதியை மட்டும் மாற்றி மாற்றி அச்சடித்து வந்தார். இந்த ஆண்டு பழைய கணினி உயிரை விட்டுவிட்டது. புதியதில் திறந்தால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில், தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள். பையன் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, "தமிழ் சரியாக வரவில்லை, அவசரம், உதவுங்கள்" என்று ஆங்கிலத்தில் தலைப்பிட்டு, நிரல் எழுதுகிறவர்கள் கூடும் ஒரு தளத்தில் போட்டுவிட்டான். இது கணினிச் சிக்கல், அவர்கள் கணினிக்காரர்கள், வேறென்ன வேண்டும் என்பது அவன் கணக்கு.

அடுத்து அவன் செய்யப் போனதைத்தான் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. மூடிய கேள்வியை அழித்துவிட்டு, அதே கேள்வியை அதே இடத்தில் எழுத்து மாறாமல் மறுபடியும் போடப் போனான். எங்கள் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் செய்யும் காரியம் இது. அவர்களுக்கு ஒவ்வொரு வாரமும் வாயால் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டத்தில் மூன்று டிவிஷன்கள். ஊரிலிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் முதலில் ஆபீசுக்கு வரும். டிவிஷன் மாறியிருந்தால் ஆபீஸ் எழுத்தரான கிராணி சிவப்பு மையால் அடித்து, சரியானதை எழுதி, பால் லோரியில் ஏற்றி அனுப்பிவிடுவாராம். ஆள் பெயரே இல்லாமல் 'என் தங்கைக்கு' என்று மட்டும் எழுதி வந்த கடிதம் அலமாரியில் கிடக்கும். ஒருநாள் குப்பையோடு போகும். கேள்வி-பதில் தளங்களில் நடப்பதும் ஏறத்தாழ இதே வேலைதான். ஆனால் இங்கே கிராணி ஒருவர் இல்லை. சம்பளம் வாங்காத ஆயிரக்கணக்கானவர்கள் ஆளுக்கொரு சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

விதிகளை வெளிப்படையாக எழுதி வைத்திருப்பதால் ஸ்டேக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி-பதில் குடும்பத்தின் தளங்களையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் 2008-இல் அதன் மூத்த தளமான ஸ்டேக் ஓவர்ஃப்ளோவைத் தொடங்கியபோது அது நிரலாக்கத்துக்கு மட்டுமான இடம். மறு ஆண்டே சர்வர் பார்த்துக்கொள்பவர்களுக்கு சர்வர் ஃபால்ட், சாதாரணக் கணினிப் பயனர்களுக்கு சூப்பர் யூசர் என்று கிளைகள் விட்டன. இன்று 170-க்கும் மேற்பட்ட தளங்கள். தோட்டக்கலைக்கு ஒன்று, வண்டி பழுதுபார்ப்பதற்கு ஒன்று, சட்டத்துக்கு ஒன்று, சொந்தப் பணக் கணக்குக்கு ஒன்று. வீடுகள் இத்தனை இருப்பதால்தான் வாசல் மாறிப் போவதும் இவ்வளவு நடக்கிறது.

முதலில் நான்கு சொற்கள்

தளத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். பிள்ளைகள் 'குளோஸ்டு' என்று பார்த்ததும் 'டிலீட்' ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு.

மூடிய கேள்விக்குப் புதிய பதில் எழுத முடியாது, அவ்வளவுதான். கேள்வி எல்லோர் கண்ணிலும் படும். நீங்கள் திருத்தலாம், கீழே பின்னூட்டம் எழுதலாம். நகர்த்தப்பட்ட கேள்வி, தன் பதில்களையும் பின்னூட்டங்களையும் எடுத்துக்கொண்டு வேறொரு தளத்துக்குக் குடிபோய்விட்டது. பழைய இடத்தில் வழிகாட்டிப் பலகை மட்டும் நிற்கும். பூட்டிய கேள்வியில் யாரும் கைவைக்க முடியாது, வாக்கும் போட முடியாது. அழித்த கேள்வி பொதுமக்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடும். ஆனால் அதை எழுதியவரும், 10,000 மதிப்புப் புள்ளிகளை (நல்ல கேள்வி-பதில்களுக்கு மற்றவர்கள் போடும் வாக்குகளால் சேரும் புள்ளிகள்) தாண்டியவர்களும் இன்னமும் பார்க்கலாம். அதனால் அழித்ததுகூட முற்றிலும் அழிந்ததாகாது.

கேட்பதற்கு முன்: எந்த வீடு?

எங்கள் வகுப்பில் வந்த கேள்விகளையே சொல்கிறேன். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் டுரியான் கன்றின் இலை ஓரம் கருகுகிறது: தோட்டக்கலைத் தளம். அப்பாவின் கப்சாய் மோட்டார் சைக்கிளில் சங்கிலி போட்டு மூன்று மாதத்தில் தளர்ந்துவிட்டது: வாகனப் பழுதுத் தளம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை காணாமல் போகிறது: ஆண்ட்ராய்டுக்கென்றே ஒரு தளம் உண்டு, சூப்பர் யூசர் அதை எடுத்துக்கொள்ளாது. எழுதிய நிரல் ஓடவில்லை: ஸ்டேக் ஓவர்ஃப்ளோ. மற்றவர் எழுதிய மென்பொருளைப் பயன்படுத்தத் தெரியவில்லை: சூப்பர் யூசர். பையன் வழுக்கியது இந்தக் கடைசி இரண்டுக்கும் நடுவில்தான். நிரலை எழுதுவது ஒன்று, நிரலைப் பயன்படுத்துவது வேறொன்று.

"இரண்டாயிரம் வெள்ளிக்குள் எந்த மடிக்கணினி வாங்கலாம்?" என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் கதவைச் சாத்துவார்கள். ஆளுக்கொரு கருத்து வரும், ஆறு மாதத்தில் விலையும் மாறிவிடும். வன்பொருள் பரிந்துரைக்கென்று ஒரு தளம் இருக்கிறது. அங்கும் என்ன வேலைக்கு, எவ்வளவு எடைக்குள், எந்த மென்பொருள் ஓட வேண்டும் என்று அளந்து சொன்னால்தான் ஏற்பார்கள்.

தமிழில் கேட்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டேக் ஓவர்ஃப்ளோவுக்குப் போர்த்துக்கீசியம், ரஷ்யம், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் தனித் தளங்கள் இருக்கின்றன, தமிழில் இல்லை. ஆங்கிலத் தளத்தில் தமிழிலோ மலாயிலோ எழுதினால் மூடிவிடுவார்கள். மொழியியல் தளத்தில் தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் கேட்பதும் எடுபடாது, அது மொழிகளின் இயல்பை ஆராய்கிறவர்களின் இடம். தமிழில்தான் கேட்க வேண்டும் என்றால் கோராவின் தமிழ்ப் பகுதி இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவது பற்றிய ஐயம் என்றால் அங்கேயே 'ஒத்தாசைப் பக்கம்' உண்டு. பொதுவாகப் பேச 'ஆலமரத்தடி' உண்டு. அந்தப் பெயர்களை வைத்தவர் யாரோ, கை குலுக்க வேண்டும்.

எந்தத் தளத்திலும் உதவிப் பகுதியில் 'இங்கே எதைக் கேட்கலாம்' என்றொரு பக்கம் இருக்கும். ஐந்து நிமிடம் பிடிக்கும். நூறு பேரில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் முதல் தடவை படிக்கவில்லை.

கேள்வியை எழுதும்போது

பையன் எழுதிய தலைப்பில் கேள்வியே இல்லை என்பதை முதலில் காட்டினேன். 'அவசரம்' என்பது நம் அவசரம். நாளை இரவு அச்சகத்தில் கொடுக்க வேண்டும் என்பது பொருளாளருக்கும் பையனுக்கும் நடுவிலான சங்கதி. பிறகு இருவரும் உட்கார்ந்து எழுதியது இது: "பழைய தமிழ்க் கோப்பை லிப்ரே ஆபீஸில் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகள் தெரிகின்றன, யூனிகோடுக்கு மாற்றுவது எப்படி?" யூனிகோடு என்பது எல்லாக் கணினிகளும் புரிந்துகொள்ளும் பொது எழுத்துக் குறியீடு.

உள்ளே என்ன சொல்வது? கோப்பு எந்த வகை, எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு. எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் காட்டுகிறது. கோப்பிலிருந்து ஒரு வரியை அப்படியே நகலெடுத்து ஒட்ட வேண்டும். படம் மட்டும் போதாது, ஏனென்றால் படத்திலிருந்து எழுத்தின் குறியீட்டைப் பிரித்துப் பார்க்க முடியாது. இதுவரை எதை முயன்றோம், என்ன நடந்தது. பையன் வேறு தமிழ் எழுத்துருவுக்கு மாற்றிப் பார்த்திருந்தான், ஒன்றும் ஆகவில்லை. அதை முதல் கேள்வியில் எழுதவே இல்லை. எதிராளிக்கு அதுதான் பெரிய துப்பு.

ஒரு கேள்வியில் ஒன்றையே கேளுங்கள். எழுத்துரு, அச்சுப்பொறி, அழைப்பிதழின் ஓரப் பூவேலை மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் 'குவியம் இல்லை' என்று மூடுவார்கள். மூன்று கேள்விகளாகக் கேட்டால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

இன்னொன்று, இது தளத்தைவிட உங்களுக்கு முக்கியம். அடையாள அட்டை எண், சேமநிதிக் கணக்கு எண் தெரியும் படத்தை எங்கும் போடாதீர்கள். வகுப்புக்கு வரும் ஓர் அம்மா, சேமநிதி அறிக்கையை அப்படியே படமெடுத்துப் போட்டுவிட்டார். பிறகு 'திருத்து' பொத்தானை அழுத்தி எடுத்துவிட்டதால் போய்விட்டது என்று நினைத்தார். போகாது. திருத்திய வரலாறு என்று ஒன்று இருக்கிறது, அதில் பழையது பத்திரமாக இருக்கும். இந்த மாதிரி நேரத்தில் கேள்விக்குக் கீழே உள்ள 'கொடி' (Flag) பொத்தானை அழுத்தி, "சொந்த விவரம் வெளிவந்துவிட்டது, பழைய பதிப்பை மறைக்க வேண்டும்" என்று தளத்தை ஒழுங்கு பார்க்கும் மட்டுறுத்துநருக்கு எழுத வேண்டும். மறைத்துத் தருவார்கள்.

மூடிவிட்டார்கள். இப்போது?

யார் மூடினார்கள் என்று பையன் கோபப்பட்டான். ஒருவர் மட்டும் மூடுவது குறைவு. ஸ்டேக் ஓவர்ஃப்ளோவில் 3,000 புள்ளிகள் தாண்டியவர்கள் மூன்று பேர் வாக்களித்தால் கேள்வி மூடும். வேறு சில தளங்களில் ஐந்து பேர் வேண்டும். புதிய தளங்களில் தேவையான புள்ளி இதைவிடக் குறைவு. பெயருக்குப் பக்கத்தில் வைரக் குறி உள்ள மட்டுறுத்துநர் மட்டும் ஒற்றை ஆளாக மூடலாம். 'இது ஏற்கெனவே கேட்கப்பட்டது' என்ற ஒரே காரணத்துக்கு, கேள்வியின் துறையைக் காட்டும் குறிச்சொல்லில் (tag) தங்கப் பதக்கம் பெற்றவரும் தனியாக மூடலாம். வயது முதிர்ந்த தளங்களில் மட்டுறுத்துநர்களையே பயனர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மூடிய கேள்வியின் மேலே ஒரு பெட்டி வரும். அதில் இருக்கும் காரணத்தை இரண்டு முறை படியுங்கள், பிறகு கோபப்படலாம். ஐந்து காரணங்கள் இருந்தாலும் என் கணக்கில் அவை மூன்று கூடைக்குள் அடங்கும்.

'விவரம் போதாது', 'குவியம் இல்லை', 'கருத்தைக் கேட்கிறது' என்பவை எழுத்தில் உள்ள குறை. அதே கேள்வியைத் திருத்துங்கள். திருத்திச் சேமிக்கும்போது, மூடிய காரணம் சரியாகிவிட்டது என்று தெரிவிக்க ஒரு கட்டம் இருக்கும். அதைக் குறித்தால் கேள்வி மறுபரிசீலனை வரிசைக்குப் போகும். இந்த வாய்ப்பைக் காற்புள்ளி மாற்றுவதற்குச் செலவழித்துவிடாதீர்கள். வரிசைக்குப் போய்ப் பழையபடியே இருக்கிறது என்று திரும்பினால் இரண்டாம் முறை ஆள் பிடிப்பது கடினம். எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்து, ஒரே தடவையில் திருத்துங்கள். மறுபடி திறக்கவும் மூடியதைப் போலவே வாக்குகள் வேண்டும்.

'ஏற்கெனவே கேட்கப்பட்டது' என்றால் வருத்தப்பட ஒன்றுமே இல்லை. பதில் இருக்கும் இடத்தைக் காட்டியிருக்கிறார்கள், போய்ப் படியுங்கள். அந்தப் பதில் உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் ஏன் பொருந்தவில்லை என்பதைக் கேள்வியிலேயே எழுதுங்கள். "நான் பார்த்தேன், அது வேறு" என்று மட்டும் எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள்.

மூன்றாவது கூடை 'இது இந்தத் தளத்துக்கு உரியதில்லை'. இங்கே எத்தனை அழகாகத் திருத்தினாலும் பயனில்லை. செம்பனைத் தோட்டத்தில் நின்றுகொண்டு பால்மரக் கத்தியை எத்தனை முறை தீட்டினாலும் வெட்டுவதற்கு அங்கே மரம் வேண்டுமே.

நகர்த்தச் சொல்வது எப்போது?

பிள்ளைகள் எல்லோரும் கேட்பது இதைத்தான்: "அவர்களே எடுத்து அந்தத் தளத்தில் போட்டுவிடலாமே?" முடியும். பயனர்கள் வாக்கால் அனுப்பும்போது பட்டியலில் ஒருசில தளங்களே இருக்கும். மட்டுறுத்துநர் எந்தத் தளத்துக்கும் அனுப்பலாம். கேள்வி 60 நாளைத் தாண்டிவிட்டால் அவராலும் முடியாது.

ஆனால் இவர்களுக்குள் ஒரு பழைய வழக்கம் உண்டு: குப்பையை அடுத்த வீட்டுக்குத் தள்ளாதே. இடம் மட்டும் தப்பி, மற்றபடி நன்றாக எழுதப்பட்ட கேள்வியைத்தான் அனுப்புவார்கள். தரமில்லாததை அனுப்பினால் போன இடத்தில் அதை மூடுவார்கள். அப்படி மூடினால் 'ஏற்கவில்லை' என்ற முத்திரையோடு கேள்வி புறப்பட்ட இடத்துக்கே திரும்பி, மூடிய நிலையில் நிற்கும். 'என் தங்கைக்கு' என்று வந்த கடிதத்தைக் கிராணி எந்த லோரியில் ஏற்றுவார்?

உங்கள் கேள்வி நன்றாகத்தான் இருக்கிறது, அதற்குப் பதில்களும் வந்திருக்கின்றன என்றால் கொடியை அழுத்தி, மட்டுறுத்துநருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: எந்தத் தளத்துக்கு, ஏன். கொடி காட்ட 15 புள்ளிகள் போதும். சொந்தப் பதிவின் மேலும் காட்டலாம். அனுப்பிவிட்டால், போன தளத்தில் அதே மின்னஞ்சலால் கணக்கு தொடங்குங்கள், கேள்வி உங்கள் பெயரில் வந்து சேரும். இதைச் செய்யாமல் பழைய இடத்திலேயே பதிலுக்குக் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய இடத்தில் நிற்கும் பலகையும் 30 நாள்களில் தானாக நீங்கிவிடும். ஆனால் அதன் பழைய இணைப்பைச் சொடுக்கினால் புதிய வீட்டுக்குத்தான் கொண்டுபோகும்.

பதில் எதுவும் வரவில்லை, எழுத்தும் சுமார் என்றால் நகர்த்தச் சொல்லிக் காத்திருக்க வேண்டாம். பழையதை நீங்களே அழியுங்கள், பிறகு சரியான தளத்தில் புதிதாக, நன்றாக எழுதுங்கள். இந்த வரிசை முக்கியம். இரண்டு தளங்களிலும் ஒரே நேரத்தில் ஒரே கேள்வியைப் போடுவதை இவர்கள் விரும்புவதில்லை, ஒருவர் மெனக்கெட்டு ஒரு பக்கம் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போது மறுபக்கம் பதில் வந்து முடிந்திருக்கும். எங்கள் பையனுக்கு நான் சொன்னதும் இதுதான். அழிப்பதைத்தானே முதலில் தடுத்தீர்கள் என்று கேட்டான். வேறு வீடு தேடிப் போவதற்காக அழிப்பது சரி, அதே வாசலில் மறுபடி நிற்பதற்காக அழிப்பது தவறு.

அழிவது எப்படி, எத்தனை நாளில்

இங்கே கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, அது யாருக்கும் தெரிவதில்லை. ஸ்டேக் எக்ஸ்சேஞ்சில் ஒரு துப்புரவு நிரல் இருக்கிறது. மூடி ஒன்பது நாள் ஆன கேள்விக்கு மதிப்பு (ஆதரவு வாக்கில் எதிர்வாக்கைக் கழித்தால் வருவது) பூஜ்யமோ அதற்குக் கீழோ இருந்து, ஆதரவு வாக்குப் பெற்ற பதிலோ ஏற்கப்பட்ட பதிலோ இல்லாமல், அந்த ஒன்பது நாளில் யாரும் திருத்தாமலும் இருந்தால் அது தானாக அழிந்துவிடும். 'ஏற்கெனவே கேட்கப்பட்டது' என்று மூடியவற்றுக்கு இது பொருந்தாது. அவை வழிகாட்டிக் கல்லாக நிற்கட்டும் என்று விட்டுவைக்கிறார்கள். ஆகவே உங்களிடம் இருப்பது ஒன்பது நாள். ஒழுங்காகத் திருத்தினால் எண்ணிக்கை மறுபடி தொடங்கும்.

மூடாத கேள்வியும் தப்பிவிடாது. மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய், ஒரு பதிலும் இல்லாமல் 30 நாள் கிடந்தால் அழியும். மதிப்பு பூஜ்யம், பதில் இல்லை, பார்த்தவர்கள் சொற்பம், பின்னூட்டம் ஒன்றுக்கு மேல் இல்லை என்று ஓராண்டு கிடந்தாலும் அழியும்.

இவற்றுக்கு மேல் மனிதக் கையும் உண்டு. மூடி இரண்டு நாள் கழிந்தபின் 10,000 புள்ளிக்காரர்கள் வாக்களித்து அழிக்கலாம். அதே தகுதியுள்ளவர்கள் வாக்களித்து மீட்கவும் செய்யலாம். அழிந்த கேள்வியின் இணைப்பு உங்களிடம் இருந்தால் நீங்கள் திறந்து பார்க்கலாம். அதனால்தான் பிள்ளைகளிடம் கேள்வி போட்ட அன்றே இணைப்பை நோட்டில் எழுதி வைக்கச் சொல்கிறேன். கேள்வியின் முழு வாசகத்தையும் ஒரு நகல் எடுத்து வைக்கச் சொல்கிறேன். தளமே மறைந்துவிடுவதும் உண்டு. 2005-இல் தொடங்கிய யாஹூ ஆன்சர்ஸ் 2021 மே 4 அன்று மூடப்பட்டது. நான் அங்கே கேட்ட அசட்டுக் கேள்விகளும் அதோடு போயின, அந்த மட்டில் லாபம்.

நீங்களே அழிக்க முடியாத நேரமும் வரும். ஆதரவு வாக்குப் பெற்ற பதில் ஒன்று விழுந்துவிட்டாலே அழிக்கும் பொத்தான் உங்களுக்கு உதவாது. பதில் எழுதியவரின் உழைப்பும் அதில் சேர்ந்துவிட்டது என்பது அவர்கள் நியாயம், எனக்கும் சரியாகவே படுகிறது. நீங்கள் எழுதியதையும் யாரும் பகிரலாம் என்ற படைப்பாக்கப் பொதுமங்களின் (கிரியேட்டிவ் காமன்ஸ்) பகிர்வுரிமத்தின்கீழ் கொடுத்திருக்கிறீர்கள், கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க முடியாது. பெயர்தான் உறுத்துகிறது என்றால், அந்தப் பதிவிலிருந்து உங்கள் பெயரை மட்டும் பிரித்துவிடும்படி தள நிர்வாகத்திடம் கேட்கலாம். கேள்வியில் உள்ள எழுத்தையெல்லாம் துடைத்துவிட்டு மூன்று புள்ளி வைப்பவர்கள் உண்டு. அதை நொடியில் பழையபடி மாற்றிவிடுவார்கள். தொடர்ந்து செய்தால் கணக்குக்குத் தண்டனை கிடைக்கும்.

பையனை நான் தடுத்ததற்கு முக்கியக் காரணத்தை இங்கே சொல்ல வேண்டும். எதிர்வாக்கு வாங்கிய, மூடிய, அழிந்த கேள்விகள் ஒரு கணக்கில் தொடர்ந்து சேர்ந்தால், கேள்வி கேட்கும் உரிமையையே தானியங்கி நிறுத்திவிடும். எத்தனை சேர்ந்தால் என்ற எண்ணை அவர்கள் வெளியே சொல்வதில்லை. அழித்த கேள்விகளும் கணக்கில் இருக்கும். அதாவது, அழித்து அழித்துப் போடுகிறவன் தன் பக்கத்துப் பாரத்தைத்தான் கூட்டிக்கொள்கிறான். தடை வந்துவிட்டால் புதுக் கணக்கு தொடங்குவது வழி இல்லை. பழைய கேள்விகளைத் திருத்தி நல்லதாக்குவதும், மற்றவர் கேள்விகளுக்கு நல்ல பதில் எழுதுவதும்தான் வழி. 2024 முதல் ஸ்டேக் ஓவர்ஃப்ளோவில் புதியவர்களின் கேள்விகள் பல, வெளியாகும் முன்பே ஓர் ஒத்திகை இடத்தில் வைத்துப் பார்க்கப்படுகின்றன. அங்கே 'இதைச் சேர், அதை மாற்று' என்று சொல்வதைக் கேட்டு நடந்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

மற்ற இடங்களில்

ரெடிட்டில் நகர்த்துவது என்ற வழக்கமே இல்லை. ஒரு குழுவில் பொருந்தாததை அந்தக் குழுவின் மட்டுறுத்துநர் எடுத்துவிடுவார். சரியான குழுவில் நீங்கள்தான் மறுபடி போட வேண்டும். நீங்களே உங்கள் பதிவை அழித்தாலும் அடியில் மற்றவர்கள் எழுதியது நிற்கும். பல குழுக்களில் முதல் வடிகட்டியே ஒரு தானியங்கிதான், புதுக் கணக்கு என்பதற்காகவே பிடித்துவைக்கும். அப்போது குழு நிர்வாகத்துக்குப் பணிவாக ஒரு செய்தி அனுப்பினால் போதும்.

கோராவில் கேள்வி கேட்டவருக்குச் சொந்தமில்லை. அதேபோன்ற இன்னொரு கேள்வியோடு இணைத்துவிடுவார்கள், பதில்களும் அங்கே போய்ச் சேரும். காணாமல் போய்விட்டதாகப் பதறாமல் பழைய இணைப்பைச் சொடுக்கிப் பாருங்கள்.

விக்கிப்பீடியாவில் ஆலமரத்தடிப் பேச்சுகள் பழையதானால் காப்பகத்துக்குப் போகும். கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் கட்டுரைக்குச் சம்பந்தமில்லாத கேள்வியைப் போட்டால் எடுத்துவிடுவார்கள், ஆனால் பக்க வரலாற்றில் அது இருக்கும்.

எந்தத் தளத்துக்கும் போகக் கூடாத கேள்விகளும் இருக்கின்றன. தோட்டத்தில் முப்பது ஆண்டு வேலை செய்த அம்மாவின் சேமநிதியில் இரண்டு ஆண்டுச் சந்தா விடுபட்டிருக்கிறது என்றால், அதை அமெரிக்காவில் இருக்கும் யாரோ ஒருவர் எப்படித் தீர்ப்பார்? ஊழியர் சேமநிதி வாரியத்தின் முகப்புக்கு அடையாள அட்டையோடு போங்கள். ஈப்போவுக்குப் போய்வர அரை நாள். அந்த அரை நாளைச் சேமிக்கலாம் என்று ஒரு வாரம் இணையத்தில் உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

பையன் அன்று மத்தியானமே பழைய கேள்வியை அழித்துவிட்டு, சரியான தளத்தில் புதியதைப் போட்டான். இரவு பதில் வந்துவிட்டது. கோப்பு யூனிகோடுக்கு முந்திய குறியேற்றத்தில் தட்டச்சிடப்பட்டது, அதற்குரிய எழுத்துரு புதுக் கணினியில் இல்லை; எந்தக் குறியேற்றம் என்று கண்டுபிடித்து, எழுத்தை மாற்றித் தரும் 'மாற்றி' மென்பொருள் ஒன்றில் போட்டு யூனிகோடாக்கினால் எந்தத் தமிழ் எழுத்துருவிலும் தெரியும் என்று எழுதியிருந்தார்கள். பையன் அப்படியே செய்தான். வேலை முடிந்ததும் அந்தப் பதிலின் பக்கத்தில் இருந்த சரிக்குறியை அழுத்தி ஏற்றுக்கொள்ளச் சொன்னேன். எந்த மாற்றி பலித்தது என்று கீழே ஒரு வரி சேர்க்கவும் சொன்னேன்.

சென்ற வாரம் திறந்து பார்த்தான். யாரோ ஒருவர் அடியில் "நன்றி, என் தாத்தாவின் கோப்பு திறந்துவிட்டது" என்று எழுதியிருந்தார். மறுநாள் எனக்குக் காட்ட எடுத்தபோது அந்த வரி இல்லை. நன்றி சொல்வது பின்னூட்டத்தின் வேலை இல்லை என்று அதையும் நீக்கிவிட்டிருந்தார்கள்.